செங்கல்பட்டு தூரம்

விவாகரத்து கேட்டு வரும் பெண்கள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்ததும் முதலில் கேட்பது "ஜெயிக்குமா?" என்று இல்லை. "கேஸ் எங்க மேடம் நடக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். நசரத்பேட்டை, அகரமேல், மேப்பூர், வரதராஜபுரம், செம்பரம்பாக்கம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை இருக்கும். இன்னொருத்தி இருங்காட்டுக்கோட்டையில் ஏதாவது ஒரு கம்பெனியில் ஷிப்ட் முடித்து, அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமல் அப்படியே வந்திருப்பாள். பூந்தமல்லி கோர்ட்டிலேயே போடலாம் என்று சொன்னதும் அவர்கள் விடும் மூச்சை நான் நன்றாக அறிவேன். அந்த மூச்சுக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குப் பூந்தமல்லி நீதிமன்றம் என்றால் ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு சொன்ன தடா சிறப்பு நீதிமன்றம் இருந்த ஊர் இது. இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அந்த ஊரின் அடையாளம் வேறு. சார்பு நீதிமன்றத்தில் எச்.எம்.ஓ.பி. என்ற தலைப்பில் நம்பராகும் திருமண மனுக்கள்தான் அவர்களுடைய பூந்தமல்லி. டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடுவதுதான் அவர்களுடைய கோர்ட்.

பிரிவதைக் கோர்ட்டுதான் கொண்டுவந்தது என்று படித்தவர்கள் பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. என் பாட்டியின் தங்கையை ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டார்கள். இந்தியாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்னால் நடந்தது அது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். சின்னப் பாட்டி தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். போட்ட நகை, கொடுத்த பாத்திரம், கல்யாணச் செலவு என்று வாய்க்கணக்குப் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அப்புறம் திருமழிசைப் பக்கம் இன்னொருவருக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளை குட்டி பெற்று, நன்றாகவே இருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அவளைக் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் முதல் புருஷன் வீட்டில் விட்டுவந்த ஆண் குழந்தையைப் பற்றி அவளே பேசமாட்டாள். பிள்ளை தகப்பனுக்கு என்பது அன்று பேச்சுக்கே இடமில்லாத முடிவு. ஒரு பித்தளை அண்டாவும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி மட்டும் சாகும்வரை பேசினாள்.

உழைத்துச் சாப்பிடும் சாதிகள் பலவற்றில் இந்த வழக்கம் ஊருக்கு ஊர் வேறு வேறு உருவத்தில் இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில், மதுரைப் பக்கத்துக் கள்ளர்கள் சாதியார் முன்னிலையில் மனைவி கையில் ஒரு துரும்பைக் கொடுத்து உறவை முறித்துக்கொண்டதை எழுதி வைத்திருக்கிறார். பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்தவர்கள் உண்டு. தாலியைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்தவர்கள் உண்டு. சாஸ்திரப்படி கல்யாணம் என்பது ஏழேழு ஜென்மத்துக்கும் அறுக்க முடியாத கட்டு என்று சொன்னவர்கள் அன்றைய தமிழ்நாட்டில் ஒரு பகுதியினர் மட்டுமே.

அந்த ஒரு பகுதியினரின் நூல்களைத்தான் வெள்ளைக்காரன் கோர்ட்டு எல்லாருக்குமான சட்டம் என்று எடுத்துக்கொண்டது. மனுஸ்மிருதியும் மிதாக்ஷரமும் படிக்காதவர்களுக்கும் அவற்றை வைத்தே தீர்ப்பு. இதை எதிர்த்து எழுதியவரும் ஒரு வெள்ளைக்கார நீதிபதிதான். மதுரை மாவட்டத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய ஜே. எச். நெல்சன், 1877ல் சென்னை உயர் நீதிமன்றம் நடத்தும் இந்துச் சட்டத்தைப் பற்றியே ஒரு நூல் போட்டார். இந்த நாட்டுப் பெரும்பாலான மக்கள் தங்கள் வழக்கப்படி வாழ்கிறார்கள், சமஸ்கிருத நூல்களை அவர்கள் தலையில் ஏற்றுவது அநியாயம் என்பது அவருடைய வாதம். உயர் நீதிமன்ற வட்டாரத்தில் அவருக்கு அதனால் நல்ல பெயர் வரவில்லை. அதற்கு முன்பே, 1868ல், ராமநாதபுரம் சேதுபதி வாரிசு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய சாஸ்திரத்தைவிட மேலானது என்று சொல்லியிருந்தது. 1894ல் சென்னை உயர் நீதிமன்றமும், இருவரும் ஒத்துப் பிரிந்து மறுமணம் செய்துகொள்ளும் சாதி வழக்கத்தில் ஒழுக்கக்கேடு ஒன்றுமில்லை என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்புகள் நல்லவைதான். ஆனால் 'நிரூபிக்கப்பட்ட' என்ற சொல்லில்தான் ஏழைப் பெண் மாட்டிக்கொண்டாள். வழக்கம் பழமையானதா, விடாமல் நடந்துவருகிறதா என்று சாட்சி வைத்துக் காட்ட வேண்டும். சாட்சி சொல்லும் பெரியவர்கள் எல்லாரும் ஆண்கள், அதிலும் பெரும்பாலும் புருஷன் ஊர் ஆண்கள். அரச மரத்தடியில் ஒரு பிற்பகலில் முடிந்த காரியம், கோர்ட்டுப் படி ஏறியதும் வருஷக்கணக்கில் இழுத்தது.

எழுதிய சட்டம் இருந்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். கிறிஸ்தவர்களுக்கு 1869லேயே இந்திய விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. மனைவி தவறினாள் என்று காட்டினால் கணவனுக்குப் போதும். மனைவி கேட்டாலோ, அவன் தவறியதோடு கொடுமையும் செய்தான் அல்லது விட்டுவிட்டுப் போனான் என்று சேர்த்துக் காட்ட வேண்டும். மாவட்ட நீதிபதி கொடுத்த விவாகரத்தும் உடனே செல்லாது. உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து உறுதி செய்ய வேண்டும். இந்த இரண்டும் 2001 வரைக்கும் சட்டத்தில் இருந்தன. நான் கறுப்பு கவுன் மாட்டிய காலத்திலும் இருந்தன. அடி வாங்கிய பெண்ணிடம், "அவருக்கு வேறு தொடர்பு இருக்கிறதா, அதற்குச் சாட்சி இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறேன். அவள் பட்ட அடி மட்டும் சட்டத்துக்குப் போதவில்லை.

இந்தச் சட்டத்துக்குத் தாய் இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்னால் அங்கே முழு விவாகரத்து வேண்டுமானால் பார்லிமெண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். பெரும் பணக்காரர்களால் மட்டுமே முடிந்த காரியம். 1857ல் அதற்கென்று நீதிமன்றம் அமைத்தார்கள், ஆனால் லண்டனில் மட்டும். வடக்கே சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவனின் மனைவிக்கு அந்த உரிமை ஏட்டில் இருந்தது, ரயில் கட்டணத்துக்குக் கையில் காசு இல்லை. நான் சொல்லவருவதும் இதையேதான். விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் காரணங்களைப் பட்டியல் போடுகிறார்கள்: கொடுமை, கைவிடுதல், பிறன்மனை உறவு. மனுவை எந்த ஊரில் போடலாம் என்ற பிரிவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பெண் விடுதலை பெற்றாளா இல்லையா என்பதை எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் தீர்மானித்தது அந்தப் பிரிவுதான்.

நசரத்பேட்டை அன்று செங்கல்பட்டு மாவட்டம். 1997ல்தான் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. மாவட்ட நீதிமன்றம் செங்கல்பட்டில். அதே செங்கல்பட்டில் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் தலைமை. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், பிடிக்காத கணவனை விலக்கிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அந்த வாரம் ஒரு இந்துப் பெண் அதே ஊர் மாவட்ட நீதிமன்றத்துப் படியேறி அந்த உரிமையைக் கேட்டிருந்தால், கொடுப்பதற்கு நீதிபதியிடம் சட்டம் இல்லை. இருபது வருஷம் கழித்து, பம்பாய் மாகாணத்துக்கு அடுத்தபடியாக, சென்னை மாகாணம் 1949ல் இருதாரத் தடையும் விவாகரத்தும் சேர்ந்த ஒரு சட்டத்தை இயற்றியது. டெல்லியில் இந்துச் சட்டத் தொகுப்பு இழுத்தடிக்கப்பட்டதை முன்வைத்து அம்பேத்கர் 1951ல் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். கடைசியில் 1955 மே 18 அன்று இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்து சென்னைச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது.

இனி செங்கல்பட்டுப் பயணம். என் சீனியர் சொல்லக் கேட்டது. காலையில் நசரத்பேட்டையில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் இறங்கி, குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் போய், அங்கே ரயில் ஏற வேண்டும். பெண் தனியாகப் போகக் கூடாது என்று அப்பாவோ அண்ணனோ கூடப் போவார். ஏரிப் பாசன வயலில் அவருக்கு அன்றைய கூலி போச்சு. அங்கே போனால் ஜட்ஜ் லீவு, வாய்தா. அல்லது எதிர்மனுதாரர் வரவில்லை, மறுபடி பேட்டா கட்டு, வாய்தா. இரண்டு மூன்று வாய்தாவுக்குப் பின் அப்பா, "போதும்மா, இங்கயே இருந்துடு" என்பார். அவள் பிறந்த வீட்டுத் திண்ணையில் வாழாவெட்டி என்ற பெயரோடு இருந்துவிடுவாள். அந்தப் பெயரைப் போல இரக்கமில்லாத ஒன்றை நான் கேட்டதில்லை. வழக்குப் போட்டது ஆண்கள்தான். அமீனா சம்மனைக் கொண்டுவந்து, ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். எழுத்துத் தெரியாத வீட்டில் அது என்ன தாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகியிருக்கும். தான் விவாகரத்து ஆனவள் என்பதையே, புருஷனின் மறு கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பெண்களைப் பற்றி சீனியர் சொல்லியிருக்கிறார்.

இந்து திருமணச் சட்டம் மூன்று இடங்களைச் சொன்னது. கல்யாணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம். படிக்கும்போது ஆண் பெண் வித்தியாசமே இல்லாத வரி. எங்கள் பக்கம் பல குடும்பங்களில் பெண்ணை அழைத்துக்கொண்டுபோய் மாப்பிள்ளை ஊரில்தான் தாலி கட்டுவார்கள். அவன் வசிப்பதும் அங்கேதான். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்ததும் அங்கேதான். மூன்று இடமும் ஒரே ஊர், அவன் ஊர். சேலத்தில் வாழ்க்கைப்பட்டு நசரத்பேட்டைக்குத் திரும்பிவந்தவள் சேலத்துக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டும், அவளை வீட்டைவிட்டுத் துரத்தியவர்களின் தெருவைத் தாண்டி.

ஜீவனாம்சத்தில் மட்டும் சட்டம் முன்பே இறங்கிவந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆவது பிரிவுதான் 1974 ஏப்ரலில் 125 ஆனது. அப்போது மனைவி வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்றும், விவாகரத்தான பெண்ணும் கேட்கலாம் என்றும் சேர்த்தார்கள். இடம் கிடைத்தது, தொகைதான் கிடைக்கவில்லை. 1898ல் மாதம் அதிகபட்சம் 50 ரூபாய், 1923ல் 100, 1955ல் 500. அந்த 500 ரூபாய் உச்சவரம்பு 2001 வரைக்கும் மத்தியச் சட்டத்தில் அப்படியே நின்றது. 1955ல் 500 ரூபாய் என்பது நல்ல உத்தியோகஸ்தன் சம்பளம். 2000ல் அது இரண்டு பிள்ளைகளின் மாதாந்திரப் பால் செலவுக்கும் வாடகை முன்பணத்தில் ஒரு துளிக்கும்கூடக் காணாது. நாற்பத்தாறு வருஷம் ஒரு எண்ணை மாற்ற நாடாளுமன்றத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதை என்னால் இன்றைக்கும் ஆறிய மனதோடு சொல்ல முடியவில்லை.

இந்து திருமணச் சட்டத்தின் 1976 திருத்தம் பெரியது. அதற்கு முன் கொடுமைக்கும் கைவிட்டதற்கும் நீதிமன்றப் பிரிவினைதான் கேட்க முடியும். அந்தத் திருத்தத்தில் அவை விவாகரத்துக்கே காரணம் ஆயின. இருவரும் சம்மதித்துப் பிரியும் 13பி பிரிவும் அப்போதுதான் வந்தது. சார்பு நீதிமன்றத்திலேயே மனுப் போட முடிந்த ஊர்களில் தூரமும் குறைந்தது. ஆனால் திரும்பிவந்த மனைவி தன் ஊரில் மனுப் போட முடியாது என்ற நிலை மாறவில்லை. அது மாறியது 2003 டிசம்பர் 23 அன்று. 19ஆவது பிரிவில் ஒரே ஒரு வரி சேர்த்தார்கள்: மனைவி மனுதாரராக இருந்தால், மனு கொடுக்கும் நாளில் அவள் வசிக்கும் இடத்திலும் கொடுக்கலாம். பத்திரிகைகள் பெரிதாக எழுதவில்லை. ஊர்வலம் போகவில்லை. என் தொழில் வாழ்வில் இதற்கு ஈடாக இன்னொரு திருத்தத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்த சில வருஷங்களில் என் வாசலில் வந்து நின்றவர்களே மாறிவிட்டார்கள். முன்பு அப்பாக்கள் வந்து பேசுவார்கள், பெண் பின்னால் நிற்பாள். இப்போது பெண்ணே வந்தாள். சட்டம் மட்டும் காரணமில்லை. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது, 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. பெங்களூர் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் நின்று பெண்களை ஏற்றிக்கொண்டன. மாதச் சம்பளம் பேங்கில் விழும் ஒரு பெண், "வாய்தாவுக்கு லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் கட்டாகும் மேடம், சீக்கிரம் முடியற மாதிரி செய்யுங்க" என்பாள். சேலத்துக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டியிருந்தால் அவள் வழக்கே போட்டிருக்க மாட்டாள்.

ஆண்கள் தங்கள் ஊரில் முதலில் போட்டுவிடுவது இன்றும் நடக்கிறது. அப்போது உயர் நீதிமன்றத்தில் டிரான்ஸ்பர் மனு போட்டு வழக்கைப் பூந்தமல்லிக்குக் கொண்டுவருகிறோம். கைக்குழந்தை, பயணம், பாதுகாப்பு இவற்றைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. வெளி மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டும்.

உள்ளூர் வக்கீலின் வேலை அதிகம் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது. வருகிற பெண் காரணம் சொல்லமாட்டாள், கதை சொல்லுவாள். நாத்தனார் சொன்ன சொல்லில் தொடங்குவாள். அடித்த தேதி நினைவிருக்காது, "ஆடிக்கு அழைக்க வந்தாங்களே, அதுக்கு மறுநாள்" என்பாள். அந்த ஆடியைத் தேதியாக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார், அரசு மருத்துவமனைச் சீட்டு என்று பையிலிருந்து ஒவ்வொன்றாக வரும். 2009 நவம்பருக்குப் பின் நடந்த திருமணம் என்றால் பதிவுச் சான்றும் இருக்க வேண்டும். பலருக்கு இருக்காது. சீர்வரிசைப் பட்டியலை நான் எப்போதும் கையால் எழுதி வாங்கிவிடுவேன், பித்தளை அண்டா உட்பட. கோர்ட் எதிரே டைப் அடிக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். மனுவை அடித்து முடித்ததும் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கச் சொல்வார். எத்தனையோ பெண்கள் தங்கள் வாழ்க்கையை முதல் தடவையாக வரிசைப்படிக் கேட்பது அப்போதுதான்.

பழைய பஞ்சாயத்து முற்றாகப் போய்விடவில்லை, முத்திரைத்தாளுக்குள் புகுந்துகொண்டது. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, விவாகரத்து ஆகிவிட்டது என்று அனுப்பிவிடுகிறார்கள். 1955 சட்டத்தின் 29(2) பிரிவு வழக்கப்படியான விவாகரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது உண்மை. ஆனால் அந்த வழக்கத்தைத் தனியே எடுத்துச் சொல்லி நிரூபித்தால்தான் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2002ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்ட பெண்தான் அகப்பட்டுக்கொள்கிறாள். இரண்டாவது கணவர் இறந்ததும் குடும்ப பென்ஷன் கேட்டுப் போகும்போது, முதல் விவாகரத்துத் தீர்ப்பின் சர்ட்டிபைட் காப்பி எங்கே என்று கேட்பார்கள். பத்திரத்தை நீட்டுவாள். அதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். தயவுசெய்து யாரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்பதும் காரணமாக வேண்டாம். 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

2003ல் சேர்த்த அந்த ஒரு வரி இந்து திருமணச் சட்டத்துக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்துக்கும் மட்டும்தான். கிறிஸ்தவர்களின் 1869ஆம் ஆண்டுச் சட்டத்தை அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் திருத்தியிருந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே காரணங்கள் ஆக்கினார்கள், மூன்று நீதிபதி உறுதிப்பாட்டை நீக்கினார்கள். ஆனால் இடத்தைச் சொல்லும் மூன்றாவது பிரிவில் இன்றும் கல்யாணம் நடந்த இடம், இருவரும் வசிக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வசித்த இடம் மட்டுமே. சென்ற மாதம் என்னிடம் வந்த பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது கோயம்புத்தூர்ச் சர்ச்சில். வாழ்ந்தது அங்கே, இப்போது இருப்பது நசரத்பேட்டையில் அம்மா வீட்டில். இந்து மனைவியாக இருந்தால் இங்கேயே போட்டிருக்கலாம். இவளுக்குக் கோயம்புத்தூரில் மனுப் போட்டு, நம்பரானதும் உயர் நீதிமன்றத்தில் டிரான்ஸ்பர் கேட்க வேண்டும். முதல் மனு தயாராகிவிட்டது. இரண்டாவதற்கான பிரமாணப் பத்திரத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.